தவளைகளுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

கடைக்காரர் இந்த முறையும் குணசேகரனைப் பார்த்துத்தான் பேசினார். "இது ஒரு டிபி சார், இது ரெண்டு டிபி. சாரோட யூஸுக்கு ரெண்டு எடுத்துட்டீங்கன்னா ரொம்ப நாளைக்குத் திரும்பிப் பாக்க வேணாம்." சாரோட யூஸாம். சாருக்கு இதில் ஒரு யூஸும் கிடையாது. லேப்டாப் மங்கையினுடையது, அதற்குள் இருப்பது மங்கையினுடையது, வாங்க வந்தவள் மங்கை, கடைக்குள் முதலில் காலை வைத்து "எக்ஸ்டர்னல் டிரைவ் வேணும், பேக்கப்புக்கு" என்று வாயைத் திறந்து கேட்டவளும் அவள்தான். ஆனாலும் கேள்வி அவள் வாயிலிருந்து புறப்பட்டு, பதில் மட்டும் பக்கத்தில் நிற்கிற மீசைக்குப் போய்ச் சேர்கிறது. ரிச்சி தெருவில் நுழைந்ததிலிருந்து இதேதான். முதல் கடையில் "சார் என்ன பாக்கறீங்க", இரண்டாவது கடையில் "சாருக்கு என்ன பட்ஜெட்", இந்தக் கடையில் இது. அவள் வீட்டுக்காரரும் ஏதோ பிறந்ததிலிருந்து டிரைவ் விற்றவர் மாதிரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பார். எதையும் விடாமல் வாசிப்பார். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்புறம், கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர், எல்லாம். வாசித்துவிட்டுத் தப்புக் கண்டுபிடிப்பார். வரும்போது ஆட்டோக்காரர் மவுண்ட் ரோட்டில் மேம்பாலம் கட்டின வருஷத்தைச் சொன்னார், பாவம், பேச்சுக்குச் சொன்னார், அதற்கு இவர் "இல்லப்பா, அதுக்கு அடுத்த வருஷம்" என்று திருத்தினார். பெரிய நாத்தனார் மகன் நிச்சயதார்த்தத்தில் மேடையில் ஒருவர் மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்லும்போது கீழேயிருந்து கையைத் தூக்கித் திருத்தினார். ஒரு விவரம் தப்பாகக் காற்றில் நின்றால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். மின்வாரியத்தில் இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதின குறிப்பைத் திருத்தித் திருத்தி வந்த வியாதியா, பிறவியிலேயே உள்ளதா, தெரியவில்லை.

அவள் பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே லேப்டாப். நேற்று சாயங்காலத்திலிருந்து அதன் அடிவயிற்றில் ஒரு சத்தம். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிற புனிதவதி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மேம், இது உள்ள இருக்கற டிஸ்க் போகப் போற சத்தம். இனிமே சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்க. நேரா போய் ஒரு எக்ஸ்டர்னல் வாங்கி, ஒரே தடவை ஆன் பண்ணி, காப்பி எடுத்துடுங்க" என்றாள். ஒரே தடவை. அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் தூங்கவில்லை. மூடின லேப்டாப் சத்தம் போடாது என்று தெரியும், விலங்கியல் வாத்தியாருக்கு அந்த அளவுக்காவது அறிவு உண்டு, ஆனாலும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடந்தாள். சத்தம் கேட்பதுதானே அவள் வேலை. ஐந்து வருஷமாகப் பகுதி நேர ஆராய்ச்சி. சதுப்பு நிலத்தை ஒட்டின ஏரி, குட்டைகளில் மழைக்காலத்தில் தவளைகள் போடுகிற சத்தம், எந்தத் தவளை எப்போது கத்துகிறது, பக்கத்தில் ரோடு வந்தால் சத்தம் எப்படி மாறுகிறது, மாறாமல் நின்றே போகிறதா. இருட்டினதும் போய் நிற்க வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் பொழுது சாய்வதற்குள் கருவேல மரத்தில் ரெக்கார்டரைக் கட்டிவிட்டு வந்து, விடிந்ததும் ஸ்கூட்டியில் போய் அவிழ்த்துக்கொண்டு, சேறு ஒட்டின காலோடு முதல் பீரியடுக்கு ஓடினவள். வீட்டில் அவளுக்குப் பெயர் தவளைக்காரி. முதலில் அவர்தான் வைத்தார். அப்புறம் அவர் தங்கை, தங்கை வீட்டுக்காரர், அவர்கள் வீட்டுச் சின்னதுகள் வரைக்கும். "தவளைக்காரி அத்தை வந்தாச்சு, கொர்ர் கொர்ர்." அவளும் சிரித்தாள். எத்தனை வருஷம் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

"தவளைச் சத்தத்துக்கு எதுக்குங்க ரெண்டு டிபி" என்று அவர் கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. "என்ன சத்தம் சார்?" "தவளைங்க, தவளை. எங்க வீட்டம்மா தவளை கத்தறத ரெக்கார்ட் பண்றாங்க. பிஎச்டி." கடைக்காரர் மரியாதையாக இருப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்தார். இர்பான் என்று சட்டையில் பெயர் பட்டை குத்தியிருந்தது. நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் என்று இருக்கிறபோது நல்ல மனுஷனாகப் பார்த்து அகப்படுவது இன்னும் எரிச்சல். ஏன் இவ்வளவு இடம் என்று அவளைக் கேட்டால் சொல்வாள். ராத்திரி முழுக்க ஓடுகிற ஒலி, அதைச் சுருக்கினால் ஆராய்ச்சிக்கு உதவாது, அப்படியே முழுசாக வைக்க வேண்டும், அது இடத்தை அடைக்கும். அதனால்தான் போன வருஷம் லேப்டாப் நிரம்பி மூச்சுத் திணறியது. அப்போது இதே மனிதர்தான் யோசனை சொன்னார். "எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டு இங்க அழிச்சிடு. லேப்டாப்பும் லேசாகும், உனக்கும் பேக்கப் ஆச்சு." அவளும் மாற்றினாள், அழித்தாள், பேக்கப் ஆச்சு என்று நிம்மதியாக இருந்தாள். இங்கே அழித்துவிட்டு அங்கே ஒன்று வைத்தால் அது எப்படிப் பேக்கப் ஆகும், இருந்த இடம்தானே மாறியது, பிரதி ஒன்றுதானே. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார் என்பதால் தெரியவில்லை. சொன்னவரின் குரலில் அவ்வளவு நிச்சயம் இருந்தது.

அந்த ஹார்ட் டிஸ்க் ஷோகேஸில், பித்தளை யானைக்குப் பக்கத்தில், எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டுப் பொருள். டார்ச் லைட் மாதிரி, நகவெட்டி மாதிரி, வீட்டுக்குப் பொது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் உள் அறையில் கட்டுக்கட்டாகப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அவர் அதை எடுத்து டிவியோடு இருக்கிற செட்டாப் பாக்ஸில் சொருகினார். சாயங்காலம் ஒரு ரிசப்ஷனுக்குப் போக வேண்டும், கிரிக்கெட் மேட்சைப் பதிவு பண்ணிவைத்து வந்து பார்க்கலாமாம். சொருகினது அவர்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். "சொருகிட்டு, சரி வேணாம்னு தோணுச்சு, அப்படியே விட்டுட்டுக் குளிக்கப் போனேன். அதுக்குள்ள அம்மா ரிமோட்ட எடுத்து எதையோ அமுக்கிட்டாங்க மங்கை. ஃபார்மட் ஆயிடுச்சு." ஆயிடுச்சு. மழை பெய்தது, பால் பொங்கியது என்கிற மாதிரி, டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிந்து ஃபார்மட் ஆனது. மீட்டுத் தருவதாகச் சொன்ன இரண்டு இடத்துக்கு அலைந்தாள். பெட்டியில் முன்பே குறித்திருந்த மேட்ச் மேலே பதிவாகிவிட்டது, கீழே இருந்தது வராது என்று கையை விரித்தார்கள். முதல் மழைப் பருவத்துப் பதிவு முழுக்கப் போயிற்று. நாவல்மரத்துக் குட்டையும் அதோடு போயிற்று. சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினால் வருகிற மாதிரி ஒரு சத்தம், கட்டைவிரல் நகம் அளவுத் தவளை, அது அந்தக் குட்டையில்தான் அவ்வளவு கூட்டமாகக் கத்தியது. போய்த் திரும்பப் பதிவு பண்ணலாம் என்றால் குட்டை எங்கே இருக்கிறது? கிராவல் மண் கொட்டி, கல் நட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, மனை எண் போட்டுவிட்டார்கள். அந்தக் குட்டை கத்தினதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி ஷோகேஸில் யானைக்குப் பக்கத்தில் இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர், "ரெண்டு சீசன் இல்லாம ஒப்பீடு எப்படிம்மா, இருக்கறதையாவது பத்திரமா வெச்சுக்கிட்டு அடுத்த மழைக்குப் பாரு, அதுக்கு மேல யுனிவர்சிட்டில ரெஜிஸ்ட்ரேஷன் நிக்காது" என்றார். இருக்கிறது என்றால் இரண்டாம் பருவம். அது இந்தப் பைக்குள், டிக் என்கிற லேப்டாப்பில், வேறெங்கேயும் இல்லை. இதுவும் போனால் அவள் வாழ்க்கையில் ஆராய்ச்சி என்ற பேச்சே முடிந்தது. தவளைக்காரி என்ற பெயர் மட்டும் மிச்சம் இருக்கும்.

அத்தை, அவருடைய அம்மா, அன்றைக்கு அழுதாள். "நான் சேனல் மாத்தத்தான்மா அமுக்கினேன், என்னன்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு, நான் என்னத்தக் கண்டேன்" என்று கையைப் பிசைந்தாள். கண் ஆபரேஷன் ஆன மனுஷி, தமிழ் எழுத்தையே கிட்டத்தில் வைத்துத்தான் படிப்பாள். மங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசவில்லை, அடுத்த நாள் பேசவில்லை, அப்புறம் சாப்பாடு போடும்போது "குழம்பா ரசமா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதிலிருந்து அத்தை ரிமோட்டைத் தொடுவதில்லை. ஷோகேஸ் மேல் தட்டில் அவளே எடுத்து வைத்துவிட்டாள். காலையில் இவர் ஆபீஸ் போவதற்கு முன்னால் எந்தச் சேனலை விட்டுவிட்டுப் போகிறாரோ அதைச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறாள். ஒருநாள் மங்கை காலேஜ் விட்டு வந்தபோது அத்தை சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து பங்குச் சந்தைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சிவப்பும் பச்சையுமாக எண்கள் ஓடின. "என் சீரியல் முடிஞ்சிருக்கும் இல்லம்மா இந்நேரம்" என்றாள். மாற்றிக் கொடு என்று கேட்கக்கூட இல்லை. மங்கைக்கு ரிமோட்டை எடுத்து மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. மாற்றவில்லை. பார்க்கட்டும் என்று உள்ளே போய்விட்டாள். உள்ளே போய் நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

"மேடம்" என்றார் இர்பான், அதிசயமாக அவளைப் பார்த்து. "லேப்டாப் எந்த மாடல்? போர்ட் பாத்துடலாம்." அவள் பையின் ஜிப்பைத் திறந்து, வெளியே எடுக்காமல், ஓரத்தை மட்டும் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். "பழைய போர்ட்தான். இந்தப் பக்கம் லூசா இருக்கு, அந்தப் பக்கம் ஓகே. அப்போ டைப் சி கேபிள் மட்டும் வர்றது வேணாம், ரெண்டு முனையும் வர்றதா தரேன். சுத்தற டிஸ்க் வேணாம் மேடம், எஸ்எஸ்டி எடுத்துக்கங்க, கைதவறிக் கீழ விழுந்தாலும் பயமில்ல." சோப்புக்கட்டியைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். கையில் எடுத்துப் பார்த்தாள். கனமே இல்லை. இதற்குள்ளா இரண்டாம் பருவம் முழுக்க உட்காரும், மழை, இடி, தூரத்தில் போகிற லாரி, அதற்கு நடுவில் கத்துகிற ஆயிரம் தொண்டை எல்லாம்? "அது எல்லாத்துலயும் வேலை செய்யுமா?" என்றார் குணசேகரன். "டிவி, பாக்ஸ், என் ஆபீஸ் கம்ப்யூட்டர்?" "எல்லாத்துக்கும் ஒத்துப்போகும் சார்." "ஆங், அதான் கேட்டேன். பாத்தியா மங்கை, இத முன்னாடியே யோசிச்சிருக்கணும். அந்தப் பழைய டிஸ்க் பாக்ஸுக்கு ஒத்துப்போகல. அதான் ஃபார்மட் கேட்டுச்சு. ஒத்துப்போறதா வாங்கியிருந்தா அன்னிக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது." அவள் அவரைப் பார்த்தாள். கேட்டீர்களா நியாயத்தை. தப்பு டிஸ்க்கின் மேல். டிஸ்க் வாங்கினவள் மேல். கிரிக்கெட் பார்க்கிற பெட்டிக்கு ஒத்துப்போகாத டிஸ்க்கை வாங்கி அதில் தன் ஆராய்ச்சியை வைத்தாளே அந்தப் புத்திகெட்டவள் மேல். காது மடல் சூடேறுவது தெரிந்தது. கடையின் மின்விசிறி தலைக்கு மேல் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. இந்த ஆளுக்கு ஒரு எண்ணெய் விடத் தெரியாதா என்று இர்பான் மேலும், மின்விசிறி மேலும், ரிச்சி தெரு மேலும், வெளியே ஹாரன் அடிக்கிற அத்தனை வண்டி மேலும் கோபம் வந்தது.

"இதுவும் ஷோகேஸ்லதான் இருக்கப்போகுதா?" என்றாள். "பின்ன? நாலு பேருக்கும் யூஸ் ஆகும்ல. பாதி உன் தவளைக்கு, பாதி வீட்டுக்கு. எவ்ளோ எடம் சும்மா கெடக்கும்." பாதி. இர்பான் முன்னால், ஒரு புதிய ஆள் முன்னால், பங்கு பிரித்தாயிற்று. அவள் இர்பான் பக்கம் திரும்பினாள். "தம்பி, டிவி பாக்ஸ்ல சொருகினா வேலையே செய்யாத டிரைவ் இருக்கா?" இர்பான் விழித்தார். "வேலை செய்யாததா மேடம்? எல்லாரும் வேலை செய்யுமான்னுதான் கேப்பாங்க." "எனக்கு வேலை செய்யக் கூடாது. என் லேப்டாப்ல மட்டும் திறக்கணும். வேற எதுல சொருகினாலும் செங்கல் மாதிரி கெடக்கணும்." குணசேகரன், "என்ன பேசற நீ, வந்த எடத்துல" என்று குரலைத் தாழ்த்தினார். வந்த இடத்தில் பேசக் கூடாது, போன இடத்தில் பேசக் கூடாது, வீட்டில் பேசினால் அம்மாவுக்கு பிபி. இர்பான் சமாதானமாக, "பாஸ்வேர்ட் போட்டு வெச்சுக்கலாம் மேடம், யாரும் திறக்க முடியாது. ஆனா பாக்ஸ்ல போட்டா, தெரியாத டிஸ்க்னு ஃபார்மட் பண்ணவான்னு கேக்கத்தான் கேக்கும்" என்றார். "அப்படித்தான் எங்களுக்குப் போச்சு" என்றாள் மங்கை. "வயசானவங்க ரிமோட்ல கை பட்டு." இர்பான் தலையை ஆட்டினார். "கை பட்டெல்லாம் போகாது மேடம். எங்க வீட்லயும் அந்த பாக்ஸ் இருக்கு. ஃபார்மட் பண்ணவான்னு கேக்கும்போது அது 'நோ'லதான் நிக்கும். தெரியாம ஓகேவ அமுக்குனா ஒண்ணும் ஆகாது, மெனு போயிடும். நாமளா ஆரோவத் தள்ளி 'எஸ்'ஸுக்குக் கொண்டு போகணும். அப்புறமும் எல்லாம் அழிஞ்சிடும்னு செகப்பு எழுத்துல போட்டு இன்னொரு வாட்டி கேக்கும். ரெண்டு தடவ கேக்கும்." குணசேகரன் கையிலிருந்த டப்பாவின் பொடி எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ரெண்டு இல்ல. மூணு தடவ கேட்டுச்சு."

மின்விசிறி கிறீச்சென்றது. கேட்டுச்சு. கேக்கும் இல்லை, கேட்டுச்சு. யாரை? குளிக்கப் போனவரையா கேட்டது, குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டதா? மங்கை கையிலிருந்த சின்னச் சதுரத்தைக் கண்ணாடி மேஜை மேல் மெதுவாக வைத்தாள், கீழே விழுந்தாலும் பயமில்லை என்று இர்பான் சொல்லியும் மெதுவாக வைத்தாள். மூன்று தடவை. முதல் தடவை கேட்டபோது வாசித்திருப்பார், வாசிக்காமல் விடுகிற ஆளா? அழிக்கவா என்றது. ஆரோவைத் தள்ளினார், ஆம் என்றார். சிவப்பு எழுத்தில் எல்லாம் போய்விடுமே என்றது. ஆம் என்றார். நிச்சயமாகவா என்றது. ஆம். ஒரு பெட்டி, மாசச் சந்தா கட்டினால் படம் காட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு நாவல்மரத்துக் குட்டை தெரியாது, மங்கை யார் என்று தெரியாது, அதுவே மூன்று தடவை தயங்கி நின்று கேட்டிருக்கிறது. பக்கத்து அறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவளை இவர் ஒரு தடவை கேட்கவில்லை. மங்கை, இதுல உன்னோடது ஏதாவது இருக்கா? ஐந்து வார்த்தை. கதவு திறந்துதான் இருந்தது. அவள் காதில் விழுந்திருக்கும், அவள் காதுதான் சின்னத் தவளையைக்கூட விடாதே. தெரியாமல் செய்தார் என்று வைத்துக்கொள்வோமா, லேப்டாப்பிலும் ஒரு பிரதி இருக்கிறது என்று நினைத்தார் என்று? இங்கே அழிச்சிடு என்று சொன்னவரே அவர்தானே. தெரியும். தெரிந்து, வாசித்து, மேட்ச் ஆரம்பிக்கப் போகிறது என்று தள்ளியிருக்கிறார். சரி, அதுகூடப் போகட்டும், ஒரு மனுஷன் புத்தி பிசகி ஒரு நிமிஷத்தில் செய்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம்? அம்மா என்றாரே. பெற்ற தாயை நடுக்கூடத்தில் நிறுத்தி இவள்தான் என்று காட்டினாரே. அந்த மனுஷியும் தான்தான் அமுக்கினோம் என்று நம்பிக்கொண்டு கையைப் பிசைந்தாளே. அவள் சேனல் மாற்ற அமுக்கினபோது எல்லாம் எப்பவோ முடிந்துபோயிருந்தது. இத்தனை நாளாகக் கிழவி பங்குச் சந்தை பார்க்கிறாள், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறார். மங்கை அத்தையிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போதெல்லாம் இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "விடு மங்கை, வயசானவங்க, பாவம்" என்று பெருந்தன்மையாக இரண்டு தடவை சொல்லவும் சொன்னார்! பாவம் என்று சொன்னதும் இதே வாய்தான். அத்தைக்குப் போட்ட குழம்பா ரசமா எல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. அவள் கோபப்பட்ட கோபமெல்லாம், இவ்வளவு கோபம், தப்பான வாசலில் போய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். கொட்டும் வரைக்கும் இவர் வழிகாட்டிக்கொண்டு நின்றார்.

அவர் தலையை நிமிர்த்தினார். சொன்னது அவர் காதிலேயே இப்போதுதான் போய் விழுந்திருக்க வேண்டும். டப்பா கையில் அப்படியே நின்றது. "அதாவது... ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான், மூணு தடவ கேக்கும்னு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விவரத்தைத் தப்பாகத் திருத்துகிறார். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, இந்தத் தெரு முழுக்க நின்று திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஆனால் பைக்குள் ஒரே தடவை ஆன் பண்ணவேண்டிய லேப்டாப் இருக்கிறது, முதலில் அது. "தம்பி, இந்தச் சின்னதே குடுங்க. ரெண்டு. இங்கயே இப்பவே காப்பி போட முடியுமா? லேப்டாப் போற நிலைமையில இருக்கு." இர்பான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மேஜையில் இடம் ஒதுக்கினார். "ரெண்டு எதுக்கு?" என்று குணசேகரன் ஆரம்பித்தார். "பில் யார் பேர்ல?" என்றார் இர்பான். "மங்கையர்க்கரசி" என்றாள் அவள், முழுப் பெயரையும் நிறுத்திச் சொல்லி. லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். டிக். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிக். திரை கறுப்பாகவே இருந்தது, இருந்தது, வந்துவிட்டது. இர்பான் நல்ல போர்ட்டில் கேபிளைச் சொருகினார். இரண்டாம் பருவம் என்று அவள் பெயர் வைத்திருந்த கோப்புறையை அவளே இழுத்துவிட்டாள். பச்சைக் கோடு ஒரு நூல் அளவுக்கு வளர்ந்து நின்றது, டிக், மறுபடி வளர்ந்தது. போகாதே, போகாதே என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். டிரைவ இனிமே பீரோல வெச்சுப் பூட்டிடலாம், சாவி உன்கிட்ட" என்றார்.

"இது வீட்டுக்கு வராது" என்றாள். "ஒண்ணு காலேஜ் லாக்கர்ல இருக்கும், இன்னொண்ணு புனிதவதிகிட்ட. வீட்டுக்கு வராது." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோடு நின்று, நடுங்கி, மணிக்கணக்கில் இழுத்து, கடைசி வரைக்கும் ஓடி முடிந்தது. இர்பான் கேபிளைப் பிடுங்கி இரண்டாவதைச் சொருகினார். முடிந்த டிரைவை அவளிடம் நீட்டினார், இந்த முறை நேராக அவளிடம். அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு மங்கை போனை எடுத்தாள். மணி ரொம்ப நேரம் அடித்தது. அத்தை பட்டனைத் தேடுகிறாள், இப்போதெல்லாம் போன் பட்டனை அமுக்கவும் பயப்படுகிறாள். "அத்தை, நான்தான். என்ன பண்றீங்க?" "சும்மா உக்காந்திருக்கேன்மா. ஏதோ நியூஸ் ஓடுது." பின்னால் யாரோ இருவர் உரக்கச் சண்டை போடுவது கேட்டது. "எழுந்து போய் ஷோகேஸ் மேல இருக்கற ரிமோட்ட எடுங்க. உங்க சீரியலப் போட்டுப் பாருங்க." "ஐயோ, வேணாம்மா, மறுபடி எதாச்சும்..." "ஒண்ணும் ஆகாது. எந்தப் பட்டன வேணா அமுக்குங்க. அன்னிக்கும் உங்களால ஒண்ணும் ஆகல அத்தை. நீங்க அழிக்கல." அந்தப் பக்கம் நியூஸ்காரர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள். குணசேகரன் அவள் முழங்கையைத் தொட்டார், வேண்டாம் என்பது மாதிரி, கெஞ்சுவது மாதிரி. "அப்போ யாரும்மா?" என்றாள் அத்தை.

"இருங்க அத்தை, பக்கத்துலதான் நிக்கறாரு. உங்க புள்ளையே சொல்வாரு" என்று மங்கை போனை அவரிடம் நீட்டினாள்.